ஐஸ் லாரியில் வந்தவள்

கடலைப் பார்க்கத்தான் கிளம்பினார்கள். ஆனால் கிளம்பிய நாளிலிருந்து அவள் அதிகம் பார்த்தது, கணவர் வேனைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் தெரிந்த குப்பைத்தொட்டிகளைத்தான்.

படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர்வேன் அது. வாடகைக்கு எடுத்தது. கடலோர ஊர்களில் ஒவ்வொன்றாகத் தங்கி, கடைசியில் துறைமுக நகரத்துக்குப் போய், படகில் துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவது என்று திட்டம் போட்டது அவள். பல் செட் செய்யும் லேபில் வேலை. யாரோ ஒருவர் வாய்க்குப் பொருந்த வேண்டியதைக் காலையிலிருந்து மாலைவரை தேய்த்துத் தேய்த்துக் கண் பூத்துப்போனவள். கொஞ்ச நாளாவது தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதல் ஊரில் கடற்கரைக்குப் போகும் வழியில் உயரத் தடுப்புக் கம்பி. வேன் நுழையவில்லை, மீன் மார்க்கெட்டின் பின்பக்கம் நிறுத்தினார்கள். அடுத்த ஊரில் தண்ணீரை ஒட்டியே இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நின்று கடலை மொத்தமாக மறைத்துக்கொண்டது. அதற்கடுத்த ஊரில் இறங்கி நடக்கலாம் என்று அவள் செருப்பை மாட்டியபோது, கணவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார்.

"ஒரு சத்தம் வருது. டிக் டிக்னு. உனக்குக் கேக்கலையா?"

"எனக்கு அலை சத்தம்தான் கேக்குது. அதைக் கேக்கத்தானே வந்தோம்?"

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் நின்று கண்ணை மூடினால், எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'காது'தான். சத்தம் போட்டது கரண்டி டிராயர் என்று அந்தக் காது கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். துறைமுக நகரத்துக்குப் புறப்பட வேண்டிய காலையில்தான் பொறுமை விட்டுப்போனது. அவள் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வேனுக்குள் அவள் போன் அடித்தது. அவரே எடுத்துப் பேசினார். வந்தவளிடம், "உங்க லேப் முதலாளி. வேலை குவிஞ்சு கிடக்காம். திங்கட்கிழமை வந்துருவான்னு சொல்லிட்டேன்," என்றார்.

"நாம புதன்கிழமைதானே திரும்புறோம்?"

"மனுஷன் ரொம்பக் கெஞ்சினாரும்மா. இன்னைக்குத் துறைமுகத்தைப் பாத்துட்டா எல்லாம் பாத்த மாதிரிதானே?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ பல் தேச்சுக்கிட்டு இருந்தே."

அவளுக்குத் தலைக்குமேல் ஏறியது. கல்யாணமான புதிதில் இப்படித்தான், அவள் ஆசை ஆசையாய் வாங்கிய ஸ்கூட்டரைத் தன் தங்கை மாப்பிள்ளை கேட்டார் என்று தூக்கிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் சாவகாசமாகத் தகவல் சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் சரி சொல்லும் நல்ல மனிதர். அவளிடம் மட்டும் கேட்கத் தோன்றாது. தப்பு என்று ஒரு நாள் அவர் வாயால் சொல்வார் என்று அவளும் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறாள்.

"இனிமே என் போனைத் தொடாதீங்க."

"தொடலை தாயே. அடிச்சு அடிச்சு உடைஞ்சாலும் தொட மாட்டேன்."

அவள் பின்பக்கப் படுக்கைக்குப் போய், இடையில் இருந்த திரையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தாள். வேன் கிளம்பியது.

வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். சக்கரத்துக்குக் காற்று வைக்கும் சத்தம் கேட்டது. காற்று வைத்தால் அவர் நான்கையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளாமல் பக்கக் கதவைத் தள்ளி இறங்கி, கழிவறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

அவருடைய பழைய வேலைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, கையில் ஒரு சோப்புடன் நடு பங்கில் நின்றாள். முதலில் நம்பவே முடியவில்லை. பிறகு வேன் போன திசையில் சோப்பைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது.

கல்லாவில் இருந்த பெண் தன் போனைக் கொடுத்தாள். "வீட்டுக்காரர் நம்பரைப் போடுங்கக்கா."

நம்பர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? பெயரைத் தொட்டால் போகிறது. அவளுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அவளுடையதுதான். வேனில் கிடக்கும் அந்தப் போனுக்கே போட்டாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். மறுபடியும். தொடாதீங்க என்று சொன்னது தானேதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"சொன்ன பேச்சைக் கேக்கிறதுக்கு இன்னைக்குத்தான் நாள் பாத்திருக்காரு," என்றாள். கல்லாப் பெண் சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டாள்.

டீசல் போட வந்த, துறைமுகம் போகும் ஐஸ் லாரியில் அவளை ஏற்றிவிட்டதும் அந்தப் பெண்தான். ஓட்டியவள் இவள் வயதுக்காரி. வழியெல்லாம் தன் மாமியார் புராணம். மீன்பிடித் துறை வரும்போதெல்லாம் லாரியை நிறுத்தி, ஐஸ் கட்டிகளை இறக்கிய பிறகுதான் கிளம்பினாள். உயரமான இருக்கை. இடப்பக்கம் முழுக்க, எந்த மறைப்பும் இல்லாமல், கடல். வலைகளையும், படகுகளுக்குச் சாயம் பூசுகிறவர்களையும், வெயிலில் தகதகவென்று மின்னும் தண்ணீரையும் வயிறெரிச்சலோடு பார்த்தாள். இத்தனை நாள் கேட்டது இதைத்தான். இப்போது கிடைக்கிறது, அனுபவிக்க முடிகிறதா? அந்த மனிதர் எங்கே போய்த் தவிக்கிறாரோ என்று மனம் அடித்துக்கொண்டது. தவிக்கட்டும் என்றும் இருந்தது.

துறைமுகத்தின் படகுத்துறை வாசலில் வேன் நின்றது. பக்கத்தில் ஒரு காவலரிடம் கணவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. லாரியிலிருந்து இறங்கியவளைக் கண்டதும் அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தப்பியோடிய மனைவி இதுதானா என்பதுபோல் அவள் கையிலிருந்த சோப்பைப் பார்த்துவிட்டுக் காவலர் நகர்ந்துபோனார்.

"எங்கே போனே? திரையைத் திறந்தா ஆளே இல்லை. உயிரே போயிடுச்சு."

"ஊருக்கெல்லாம் காது. பின்னாடி ஆள் இருக்கா இல்லையான்னு தெரியாதா?"

"கோவத்துல படுத்திருக்கேன்னு நினைச்சேன். வழியெல்லாம் பேசிக்கிட்டுத்தான் வந்தேன்."

"என்ன பேசினீங்க?"

அவர் தலை குனிந்துகொண்டார். "எல்லாம்தான். கேக்காம உன் முதலாளிகிட்ட வாக்குக் குடுத்தது தப்புன்னு. அந்த ஸ்கூட்டர் விஷயம்கூட. மனசுல இருந்த அத்தனையும் கொட்டிட்டேன். கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

அவளுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. வருஷக்கணக்காகக் காத்திருந்த பேச்சு. அதை ஒரு தலையணைக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"சரி, இப்போ சொல்லுங்க."

"அதான் சொன்னேனே."

"யாருகிட்ட? எனக்குச் சொல்லுங்க. அங்கே எப்படிச் சொன்னீங்களோ அப்படியே."

காது மடல் சிவந்தது. "ஆள் முன்னாடி இருந்தா வர மாட்டேங்குது."

அவள் விடவில்லை. வேனுக்குள் ஏறி, படுத்து, திரையை இழுத்துவிட்டாள். அவர் ஓட்டுநர் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். வெளியே கிரேன் ஒன்று கடகடவென்று பெட்டியை இறக்கி முடித்தது.

"இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்."

ஸ்டீயரிங்கை ஒரு தரம் தட்டினார். "நீ இருக்கேன்னு தெரிஞ்சா வர மாட்டேங்குதும்மா."

அவள் படக்கென்று எழுந்து போனை எடுத்தாள். அதில் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. அவர் எதிரிலேயே முதலாளியைக் கூப்பிட்டு, "வியாழக்கிழமைதான் வேலைக்கு வருவேன் சார். முன்னாடி சொன்னது நான் சொன்னதில்லை," என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கெஞ்சல் கேட்டது. வைத்துவிட்டாள்.

படகு அன்றைக்கு முடிந்துபோயிருந்தது. பசி வேறு. கிடங்குகளை ஒட்டிய தெருவில் இறங்கி நடந்தார்கள். முதல் முனையிலேயே அவர் நின்றார்.

"இடது பக்கம் போலாமா, வலதா? நீயே சொல்லு."

சொன்னாள். கடை வந்தது. "உள்ளே உக்காரலாமா, வெளியிலயா?" சொன்னாள். "ஜன்னல் பக்கமா, சுவர் பக்கமா?"

"ஐயோ, எங்கேயாவது உக்காருங்களேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில், தட்டு துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். கணவர் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்தார். பாதியில் நிறுத்தி, இது பரவாயில்லையா என்று கண்ணாலேயே கேட்டார்.