பத்துப் பேர் நிற்கும் படம்

அன்று செகந்திராபாத் திருமுல்கேரியில் பாமா வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: பாமா, ஒருகாலத்தில் கேப்டன், விக்கெட் கீப்பர், இப்போது மூட்டு மாற்றிய காலை முக்காலிமேல் நீட்டியிருப்பவள். சுமதியக்கா, தொடக்க ஆட்டக்காரி, இன்னும் எத்தனை ரன் வேண்டும் என்று யாரும் கேட்காமலே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். பத்மஜா, வேகப்பந்து வீசியவள், இன்று குனிந்து செருப்பு மாட்டவே சுவரைப் பிடிக்க வேண்டியவள். பாமாவின் கணவர் சந்தானம், உள்ளூர் ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றவர். கல்யாணத்துக்கு முன் அவர் கொடுத்த ஒரு எல்.பி. அவுட்டை மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர்கள் மகள் ஹர்ஷிதா, அப்பாவையும் அம்மாவையும் புனேவுக்குக் கூட்டிப்போக வந்திருப்பவள். கடைசியாக, குஷாய்குடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி. சுவரில் ஒரு படம். அதில் பத்துப் பேர்.

மங்கை ஹாலுக்குள் கால் வைத்தாள். தொலைக்காட்சியில் இந்தியாவின் நான்காவது விக்கெட் விழுந்தது.

பத்மஜா வாய்க்குக் கொண்டுபோன வேர்க்கடலையைத் தட்டிலேயே திரும்பப் போட்டாள். "வாம்மா, உன்னத்தான் இன்னும் காணோமேன்னு பாத்தேன்" என்றார் சந்தானம். வாயை எப்போது மூடவேண்டும் என்பது அவருக்கு அம்பயராக இருந்த காலத்திலும் தெரிந்ததில்லை.

ஆஸ்திரேலியாவுடன் மூன்று ஒருநாள் ஆட்டங்கள். ஆளுக்கொன்று ஜெயித்தாகிவிட்டது. மூன்றாவது, தொடரை முடிவுசெய்வது, உப்பல் மைதானத்தில். ஆட்டோ பிடித்துப் போய்விடக்கூடிய தூரம்தான், ஆனால் டிக்கெட் கிடைக்கவில்லை. சுமதியக்கா மருமகனின் போனை வாங்கி வைத்துக்கொண்டு அழுத்து அழுத்து என்று அழுத்தியும் எல்லாம் தீர்ந்துவிட்டது. இதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்தது கோபமா பெருமையா என்று பிரிக்க முடியவில்லை. அவர்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டுப் பெண்கள் அணி ஒன்று செகந்திராபாத்தில் ஆட வந்திருந்தது. தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். டிக்கெட்டே கிடையாது. ஐஸ் வண்டிக்காரரையும் சேர்த்தால்தான் அதைக் கூட்டம் என்று சொல்ல முடியும். எல்லைக்கு வந்த பந்தை பத்மஜா எடுத்து எறிந்தாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கையைத் தூக்கி நன்றி காட்டினாள். அந்தக் கை தூக்கலை வைத்துக்கொண்டு பத்மஜா ஒரு வருஷம் ஓட்டினாள்.

அந்த வருஷம்தான் இவர்கள் அணி சேர்த்தார்கள். குஷாய்குடாப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகை பற்றவைக்கிற பெண்கள், தட்டச்சுப் பெண்கள், கேன்டீனில் ஒருத்தி என்று பதினோரு பேர். மைதானத்தை ஆண்கள் காலையிலும் மாலையிலும் எடுத்துக்கொள்ள, நடு வெயில் இவர்களுக்கு வந்தது. காலுக்கு இருந்தது ஒரே ஜோடி பேட். ஆடுகிறவர்கள் இருவரும் ஆளுக்கு ஒரு கால் கட்டிக்கொண்டார்கள். வெள்ளைக் கால்சட்டை தைக்கக் கொடுத்த தையல்காரர், பெண்களுக்கு இடுப்பு அளவு எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரே உத்தேசமாக ஒரு அளவு வைத்துத் தைத்துத் தந்தார். எல்லோரும் நாடாவால் கட்டிக்கொண்டு ஓடினார்கள். சுமதியக்கா ஒருதடவை இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது ஒரு கையில் மட்டை, மறு கையில் கால்சட்டை. கஷ்டமென்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. வெயில்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

மங்கை சுழற்பந்து போடுவாள், எட்டாவதாக ஆடுவாள். அவளிடம் ஒரு கோளாறு என்று அணி கண்டுபிடித்தது. அவள் படியில் நின்று கைதட்டினால் அடுத்த பந்தில் விக்கெட் விழுந்தது. முதலில் கைதட்டாதே என்றார்கள். அப்புறம் திரும்பி உட்கார் என்றார்கள். அதற்கும் விழுந்தது. கடைசியில், ஆட்டம் இறுகி வந்தால் அவளைச் சாமான் அறையில் போட்டுக் கதவைப் பூட்டுவது வழக்கமாயிற்று. அவர்கள் பாஷையில் கிட் ரூம். பூட்டுவது கேப்டன் வேலை. பூட்டாவிட்டால் மங்கை கதவைத் திறந்து எட்டிப்பார்ப்பாள் என்று பாமாவுக்குத் தெரியும். மங்கை சிரித்துக்கொண்டே உள்ளே போவாள். அங்கே எண்ணெய் போட்ட மட்டை வாசனையும் ஈரக் கையுறை வாசனையும் இருக்கும். ஜெயித்தால் கதவு திறக்கும். தோற்றாலும் திறக்கும், ஆனால் மெதுவாக.

தொழிற்சாலை அணிகளின் கோப்பை இறுதி ஆட்டத்தில், மங்கை அவுட்டாகி வந்ததும் பூட்டிய கதவு திறக்கவில்லை. சுமதியக்காவும் கடைசி ஆளாகப் போன பத்மஜாவும் நின்று ஜெயித்துவிட்டார்கள். மங்கைக்குச் சத்தம் கேட்டது. எல்லோரும் மைதானத்துக்குள் ஓடியதும், கோப்பை கொடுத்ததும், யாரோ தெலுங்கில் பேசியதும், வேன் கிளம்பியதும் கேட்டது. கதவைத் தட்டியதில் கை வீங்கியது. பிட்ச்சில் விரித்த பாயைச் சுருட்டிப் போட வந்த மைதானத்து ஆள்தான் திறந்தார்.

அதற்குப் பிறகு அணி கலைந்தது, கல்யாணங்கள் ஆயின, ஆனால் ஆட்டம் பார்க்கக் கூடுவது நிற்கவில்லை. கடைசி ஓவர்கள் வந்ததும் யாராவது மங்கைக்கு ஒரு வேலை சொல்வார்கள். டீ போடு, பால் பொங்குதா பார், மாடியில் துணி காயுது. அவளும் போவாள். இந்தியப் பெண்கள் ஜெயித்த ஒவ்வொரு பெரிய ஆட்டத்தையும் அவள் சமையலறைச் சுவர்வழியாகவே கேட்டிருக்கிறாள். தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தபோது அவர்கள் ஜெயித்ததும் உண்டு. அது கணக்கில் சேராது. இவர்கள் நடுவில் உட்கார்ந்து, இவர்கள் கத்தும்போது கூடக் கத்தவேண்டும். வியாழக்கிழமை இந்த வீடு காலி. பாமா புனே போய்விட்டால் இந்த நாலு பேர் ஒரு டிவி முன்னால் உட்கார இன்னொரு நாள் வராது. இன்று எழுந்திருப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள்.

நான்காவது விக்கெட்டுக்குப் பிறகு ஆட்டம் தெளிந்தது. இடக்கை ஆட்டக்காரியும் புதிதாக வந்த சின்னப் பெண்ணும் நின்று ஆடினார்கள். நின்று ஆடும்போது இந்த ஹாலில் யாரும் இடம் மாறக்கூடாது என்பது சட்டம். சந்தானம் பாத்ரூம் போக அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. மங்கை பத்மஜாவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து மூச்சைக்கூட அளந்துவிட்டாள். பந்து எல்லையைத் தொட்டபோது சுமதியக்கா அவள் தொடையில் அறைந்தாள். வலித்தது. நன்றாக இருந்தது.

பிறகு இடக்கைக்காரி போனாள். அடுத்த ஓவரில் இன்னொருத்தி.

"மங்கை, டீ போடேன்" என்றாள் பாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நக்கோ, வேணாம். ஹர்ஷிதா போடுவா."

"கைக்கு? ஏன்?"

"நான் எழுந்திருக்கப் போறதில்ல பாமா. ஜெயிக்கிறத இங்க உக்காந்து பாக்கணும்."

பாமா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவள் ஏதோ சொல்ல வருமுன் ஹர்ஷிதா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். டீ வந்தது. கூடவே அடுத்த விக்கெட்டும் வந்தது. ஓவர் இடைவெளியில், இருந்த இடத்தில் இருக்கமாட்டாத ஹர்ஷிதா சுவரிலிருந்த படத்தைக் கழற்றினாள். எல்லாம் கட்டியாகிவிட்டது, அது ஒன்றுதான் பாக்கி. பழைய பேப்பரில் சுற்றப்போனவள் நின்று பார்த்தாள்.

"அம்மா, இந்துலோ மங்கை ஆன்ட்டி எக்கட?" என்றாள். இதில் ஆன்ட்டி எங்கே என்கிறாள். தமிழ் புரியும், வருவது தெலுங்குதான்.

"போட்டோ எடுத்ததே அவதானே" என்றாள் பாமா. "அதான் படத்துல இல்ல."

மங்கை இதை முதல்தடவை கேட்டது ஹர்ஷிதாவின் காது குத்தலில். அன்று தட்டில் லட்டு இருந்தது, வந்தவர்கள் நிறைய இருந்தார்கள், விட்டுவிட்டாள். அப்புறம் பல தடவை கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் அந்தக் கேமரா அவள் கையில் இன்னும் கொஞ்சம் கனத்தது.

"நான் எடுக்கல" என்றாள். "ஆபீஸ் போட்டோகாரர் எடுத்தார். நான் கிட் ரூம்ல இருந்தேன். நீ பூட்டிட்டுப் போனே."

தொலைக்காட்சியில் சிமென்ட் விளம்பரம் ஓடியது.

"நம்ம கூட வேன்ல வந்தியே" என்றாள் சுமதியக்கா.

"நடந்து வந்தேன் அக்கா. பாய் சுருட்ட வந்த ஆள் திறந்துவிட்டார். என்னப் பாத்து அவர்தான் பயந்தார்."

பத்மஜாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கக்கூடாது என்று தெரிந்து, இருமலாக மாற்றிக்கொண்டாள். பாமா மகளிடமிருந்து படத்தை வாங்கி மடியில் வைத்து ஒவ்வொரு முகமாக விரல் வைத்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.

"ஏன்டீ சொல்லல?"

"கப்போட வந்து நின்னீங்க. அதுல நான் போய் என்னத்தச் சொல்ல."

"எனக்கு நிஜமா அப்படித்தான் ஞாபகம்" என்றாள் பாமா. "நீ ஒரு கண்ண மூடிட்டு, தள்ளிப் போங்க தள்ளிப் போங்கன்னு சொன்னது காதுல கேக்குது."

அவள் பொய் சொல்லவில்லை. அது மங்கைக்குத் தெரிந்தது. மறந்துபோன இடத்தில் ஒரு மங்கையை நிற்கவைத்து, கையில் கேமராவும் கொடுத்து, இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்திருக்கிறாள். இதற்குக் கோபப்படுவதா என்று யோசிப்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

எட்டாவது விக்கெட் ரன் அவுட். ஒன்பதாவது, தேவையே இல்லாமல் தூக்கியடித்த கேட்ச். சின்னப் பெண் இன்னும் நின்றாள். துணைக்குக் கடைசி ஆளாக ஒரு வேகப்பந்துக்காரி, மட்டையைத் துடைப்பம் மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள். "எட்டு வேணும்" என்றாள் சுமதியக்கா. முதல் பந்தே அந்த வேகப்பந்துக்காரியின் விரலில் பட்டது. ஆட்டத்தை நிறுத்தி, மருந்துப் பையோடு ஒருத்தி உள்ளே ஓடினாள்.

ஹாலில் ஒருவரும் மங்கையைப் பார்க்கவில்லை. பத்மஜா மின்விசிறியைப் பார்த்தாள். சந்தானம் தன் கால் நகத்தைப் பார்த்தார். சுமதியக்கா வேர்க்கடலைத் தட்டை உன்னிப்பாகப் பார்த்தாள். போ என்று சொல்ல யாருக்கும் இனி வாய் வராது. கிட் ரூம் கதையைச் சொல்லி அந்த வாயை மங்கையே அடைத்திருந்தாள். அவள் உட்கார்ந்தே இருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பத்மஜாவின் தோள் அவள் தோளிலிருந்து ஒரு விரற்கடை விலகியிருந்தது. அதைவிட மோசம், திரையில் கையுறையைக் கழற்றி விரலை உதறிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது மங்கைக்கே சந்தேகம் வந்தது. நான் இருந்து இவள் போய்விட்டால்? வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் இவர்கள் நம்பினார்கள் என்று நினைத்திருந்தாள். முதலில் நம்பினவள் அவள்தான்.

மங்கை எழுந்தாள்.

"உக்காருடீ" என்றாள் பாமா. "அதெல்லாம் சும்மா."

"சும்மாதான்."

"பின்ன?"

"இவங்க ஜெயிக்கணும் பாமா."

அவள் தாழ்வாரத்தில் நடந்து கடைசி அறைக்குப் போனாள். அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த அறை. சாமான் கட்டுகிற ஆட்கள் வந்து போவதால் சந்தானம் வெளியே பூட்டு தொங்கவிட்டிருந்தார். பின்னால் பாமாவின் கைத்தடிச் சத்தம். அந்தக் காலோடு எழுந்து வரவேண்டியதில்லை, மகளை அனுப்பியிருக்கலாம். ஆனால் பூட்டுவது கேப்டன் வேலை.

ஒரு பெட்டியின் வாய் மூடாமல் மட்டையின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மங்கை அதைத் தள்ளிவிட்டு, இன்னொரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். நாப்தலீன் வாசனை. எண்ணெய் வாசனை இல்லை.

"சாத்தி வெச்சா போதாதா?" என்றாள் பாமா, நிலையைப் பிடித்துக்கொண்டு.

"பூட்டு. எட்டிப் பாப்பேன்."

பாமா பூட்டிலிருந்து சாவியை உருவி உள்ளங்கையில் வைத்து அவளுக்குக் காட்டினாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"வந்து திறப்பேன்."

"ஹவ், சரி. முதல்ல போய் மேட்ச பாரு."

ஹாலிலிருந்து சுமதியக்காவின் குரல், பந்து போடப் போறா வாங்க, என்று கூப்பிட்டது. பாமா கதவை இழுத்துச் சாத்தினாள். கொண்டி விழுந்தது. பூட்டு அழுந்தி வாய் மூடியது.