ஒன்பதாம் குழாய்

போனை அவர் வாயருகே பிடித்திருந்ததில் அவளுக்குக் கை கடுத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணவர் மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"ஒன்பதாம் குழாயைக் கழட்டிடுங்க. பூசறதுக்கு முந்தி துடைச்சப்ப என் கையுறை கிழிஞ்சிருந்துச்சு. உள்ள விரல் பட்டிருக்கும்."

மறுமுனையில் அவருடைய பிரிவின் தலைவி, அவரைவிட இருபது வயது இளையவள். "எந்தப் பக்கம் சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"வெல்டிங் பண்ண பக்கம்."

"சரி சார். நாளைக்கு ஓட்டறதை நிறுத்திட்டுக் கழட்டுறோம்."

மதியம் அவர் போய்விட்டார்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் அணுத்துகள்களை அதிவேகமாக ஓடவிடும் பெரிய இயந்திரம் மறுநாள் தொடங்க இருந்தது. அதன் செம்புக் குழாய்களுக்குள் காற்றே இருக்கக் கூடாது. உள்சுவரில் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய உலோகப் பூச்சு ஏற்றுவது இவர் வேலை. மிச்சமிருக்கும் காற்றை அந்தப் பூச்சே உறிஞ்சிக்கொள்ளும். விரல் பிசுக்கு இருந்தால் உரிந்துவிடும். இப்போது ஒரு குழாயைக் கழற்றினால் பத்து நாள் தள்ளிப்போகும். வீட்டில் ஈரத்துண்டைக் கட்டிலிலேயே போடுகிற மனுஷர், போகிற நேரத்தில் இப்படி ஒரு வேலை வைத்துவிட்டாரே! மருந்து மயக்கத்தில் உளறியிருந்தால்? அழுகையைவிட அந்தப் பயம்தான் அவளை அரித்தது. முப்பது வருஷத்துப் பேர், கடைசி நாளில் கெட்டுவிடக் கூடாது.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். தலைவி வந்ததும் இவள் அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"கழட்டினீங்களாம்மா?"

"நேத்தே கழட்டிட்டோம்க்கா. ஒரு கறைகூட இல்ல."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. "அப்ப உளறிட்டாரா?"

"இல்லக்கா. கையுறை கிழிஞ்சது நெஜம். அன்னைக்கே நோட்டுல எழுதியிருக்கார். பூச்சைக் கரைச்செடுத்துட்டு மறுபடியும் பூசியிருக்கார். அது மட்டும் சாருக்கு மறந்துபோச்சு."

"ஐயோ, அந்த நோட்டை மொதல்லயே பாத்திருக்கலாமே!"

"பாத்தோம். பாத்துட்டுதான் கழட்டினோம்."

"ஏம்மா?"

"சார் சொன்னாரேக்கா" என்றாள் தலைவி, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. இந்த மனுஷரை இத்தனை வருஷமும் பாதிதான் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

சவப்பெட்டியைத் தூக்க அவரோடு வேலை செய்த ஆறு பேர் குனிந்தார்கள். வாசலுக்குப் போகும் நடை குறுகல். சோபா நகர்த்தியபோதெல்லாம் இடித்து, சுவரில் பெயின்ட் போயிருந்தது. அவள் ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்து பிடித்தாள். முன்னால் நின்றவர் லேசாகத் தலையசைத்தார். ஆறு பேரும் ஒரே மட்டத்தில் தூக்கி, திருப்பத்தில் ஒரு கணம் நின்று, எந்தப் பக்கமும் படாமல் வெளியே கொண்டுபோனார்கள்.