நாலு பவுண்டு தூக்கல்

1

இந்தக் கதைக்குக் காரணம் சீர்காழிக் கடைவீதியில் நான் வாங்கிய ஒரு மட்டமான டயர் கேஜ். பேனா மாதிரி இருக்கும். வால்வில் வைத்து அமுக்கினால் வெள்ளைக் குச்சி வெளியே வந்து காற்றின் அளவைக் காட்டும். என் கார் டயருக்கு அது இருபத்தெட்டு பவுண்டு காட்டியது. பெட்ரோல் பங்கில் முப்பத்து மூன்று. அங்கேயே மறுபடி என் கேஜை வைத்தேன், முப்பத்தொன்று. எந்தக் கழுதை பொய் சொல்கிறது என்று தெரியாமல் நின்றேன்.

மலிவானதெல்லாம் பொய் சொல்லும் என்றும் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் சாய்த்து வைத்தால் காற்று கசிந்து குறைவாகக் காட்டும். வெயிலில் ஓடிவந்த டயரில் காற்றே கூடியிருக்கும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தால் கூட்டிக் காட்டும், விறைப்பாக இருந்தால் குறைத்துக் காட்டும்.

(இந்தப் பத்தியை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், கதையில் வரப்போகும் மூஸாவுக்கு இது தேவைப்படும்.)

2

முதல் தொடக்கம்: "எழுபதுகளின் ஆரம்பத்தில், தாளடி அறுவடையின்போது, காவிரிப் படுகையில் நிலவிய…" சீ, பள்ளிக்கூடப் பாடம்.

இரண்டாவது: "மூஸா பாய் நல்லவர்." யார் சொன்னது? அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். திருவாரூர்ச் சாலையில் மூஸா பஞ்சர் கடை வைத்திருந்தார். அவருடைய பழைய கேஜ் கூட்டிக் காட்டும் என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். அதனால் வண்டிக்காரர்கள் "தூக்கலா வைங்க பாய்" என்பார்கள். குழம்பில் உப்பு தூக்கல் என்பதில்லையா, அந்தத் தூக்கல். ஐம்பது வேண்டுமென்றால் அவர் ஐம்பத்து நாலு வைப்பார். டயருக்குள் ஐம்பதுதான் இருக்கும். ஒரு பொய்க்கு எதிராக ஊரே சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு.*

அறுவடை தொடங்கிய வாரம் பழைய கேஜ் உடைந்தது. தஞ்சாவூர் நடைபாதையில் புதிது வாங்கினார். அது குறைத்துக் காட்டும் ரகம், ஐம்பத்து நாலு காட்டினால் டயருக்குள் அறுபதுக்கு மேல் இருக்கும். அவருக்குத் தெரியாது. கருவி மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை.

* இந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதனாலேயே அதன்மேல் சந்தேகம்.

3

அப்போது அறுப்புக் கூலித் தகராறு. விவசாயக் கூலிகள் சங்கத் தலைவர் சாமிதுரையின் ஆட்கள் வயலில் இறங்க மறுத்துவிட்டார்கள். ஏழைகளின் ஆட்சி என்று ஆளுங்கட்சி சுவரெல்லாம் எழுதியிருந்தது, வரப்பில் போலீஸ் நின்றது. நிலக்காரர் ரெங்கசாமி கோடியக்கரைப் பக்கத்து உப்பளக் கூலிகளை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிவரச் சொன்னார். வழியில் டிரைவர் பக்கிரி மூஸாவின் கடையில் நிறுத்தினான்.

"ஆளு நெறைய பாய். தூக்கலா வைங்க."

"வச்சாச்சு, போ."

வாய்க்கால் கரையில் டயர் வெடித்து டிரெய்லர் கவிழ்ந்தது. அம்சம் என்ற பெண் அடியில் சிக்கி இறந்துபோனாள். கூடவே வந்த கண்ணுசாமியின் மனைவி. அவர் மண்ணைக் கையால் பறித்துப் பறித்து அவளை

இதை என்னால் எழுத முடியாது. மன்னியுங்கள்.

"சங்கத்துக்காரனுங்க சொல்லித்தான் பாய் வேணும்னே காத்த ஏத்திட்டான்" என்று ரெங்கசாமி புகார் கொடுத்தார். கொலைவழக்கு. மூஸாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

4

மூஸாவை நான் நம்புகிறேனா? அன்று காலை அவர் சாமிதுரையோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். அது வெளியூர் ஆட்களை ஏற்றிய வண்டி என்றும் தெரியும். நாசமாய்ப் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்திருந்தால்? அவர் மனதுக்குள் நுழைந்து பார்க்கத்தான் ஆசை. படைத்தவன் என்றுதான் பெயர், எனக்கே கதவு திறக்கவில்லை.

வக்கீல் பஞ்சநதம் சிறையில் போய்ச் சொன்னார்: "கேஜ் பொய்யின்னு ஒத்த வார்த்தை சொல்லுங்க பாய். வெளிய வந்துடலாம்."

"பொய்தாங்க. ஆனா தூக்கலா வச்சது நாந்தானே?"

அட, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா இந்த மனுஷன்! வக்கீலுக்கு வந்ததைவிட எனக்கு அதிகக் கோபம்.

5

முடிவு ஆ-வை முதலில் சொல்லிவிடுகிறேன்: டயர் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கை என்று நிரூபணமாகிறது, அதை மாற்றாத ரெங்கசாமி உள்ளே போகிறார். ஆசையாக எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை, கிழித்துவிட்டேன்.

முடிவு அ: கோர்ட்டில் கேஜைச் சோதிக்கிறார்கள். ஏகத்துக்கும் குறைத்துக் காட்டுகிறது. மூஸா விடுதலை. சுபம் என்று போடப் போனவன் நிறுத்திக்கொண்டேன். கோர்ட் வராந்தாவில் கண்ணுசாமி நிற்கிறார். மூஸாவின் மனைவி நூர்ஜஹான் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை, அவரிடமே வருகிறாள்.

"அண்ணே, அவரு மேல தப்பில்லண்ணே. கேஜ்தான் பொய். கோர்ட்டே சொல்லிருச்சு."

கண்ணுசாமி தலையாட்டுகிறார். கோபமே இல்லை அவர் குரலில்.

"ரெங்கசாமி ஐயா மேலயும் இல்லன்னாங்க. டிரைவர் மேலயும் இல்லையாம். அப்ப யாரு மேலயும் தப்பில்லையாம்மா? அவ சும்மாவா செத்தா?"

நூர்ஜஹான்

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. "விதி" என்று எழுதிப் பார்த்தேன், கை கூசியது. அவளை அழவைத்துத் தப்பிக்கலாம், அதுவும் அயோக்கியத்தனம். அவள் சொல்லவேண்டியதை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் என்னிடம் சொல்ல வேண்டாம். கண்ணுசாமி எதிரில்தான் நிற்கிறார், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.