வெள்ளைக்காரன் வண்டியில் தோல் வாஷர்

இந்தக் காலத்தில் ஒருவன் செய்த வேலையை இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டாவிட்டால் எவனுக்கும் தூக்கம் வருவதில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மருந்துக் கடைக்காரனிடம் நீட்டி, "இது சரிதானா?" என்று கேட்கிறான். தையல்காரன் அளவெடுத்துவிட்டுப் போனதும் பொண்டாட்டியை விட்டு மறுபடி அளக்கச் சொல்கிறான். நம்பிக்கை என்று ஒன்று இருந்தது. அதைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, தோலிலிருந்து முடி உரிக்கிற மாதிரி உரித்து எறிந்துவிட்டார்கள்.

இருதயராஜும் யாரையும் நம்பமாட்டார். அது வேறு. அவரை நம்பவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

ஆம்பூரில் நயீம் அகமதுவின் தோல் கம்பெனி முற்றத்தில், ஈர மண்ணில் கிடந்த ஒரு கட்டைமேல் உட்கார்ந்து பீடியைக் கடித்துக்கொண்டிருந்தார் அவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கம்பெனியில் சுற்றுகிற எது நின்றாலும், மோட்டாரோ பம்போ தோல் உருட்டும் டிரம்மோ, அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் திட்டிக்கொண்டே வருவார், அதுவும் திட்டு வாங்கிக்கொண்டே ஓட ஆரம்பிக்கும். இன்றைக்கு அவருக்கு எதிரே நின்றது டிரம் இல்லை, வெள்ளைக்காரன் வண்டி.

நாட்றம்பள்ளிப் பக்கம் ரோட்டில் கார் எஞ்சின் வெந்துபோய் நின்ற ஒரு ஜெர்மன்காரனும் அவன் பெண்சாதியும், பின்னால் இழுத்து வந்த இந்த வண்டியை நயீமின் தலையில் கட்டிவிட்டு ரயிலேறிப் போனார்கள். அவர்கள் கையிலேயே அது கிழடு தட்டிப் போயிருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, மின்விசிறி, உட்காருகிற மாதிரி கக்கூசு. வெளியே சுற்றிலும் தகடு. வருஷக்கணக்காகக் கோழி அடைந்து கிடந்த அந்த வண்டிக்குத் திடீரென்று யோகம் வந்தது நயீமின் அம்மா அக்தரி பேகத்தால்.

பேகத்துக்கு மூட்டு இரண்டும் மடங்காது. தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். நாகூர் தர்கா கந்தூரி விழாவுக்கு வருவதாகப் பேரன் பிறந்தபோது வேண்டிக்கொண்டவர், வழியில் கக்கூசுக்கு என்ன செய்வது என்று பயந்தே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். இந்த வண்டி இருந்தால் ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம், நாகூரில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்திக் கரண்டு கொடுக்கலாம், அம்மா அதற்குள்ளேயே இருக்கலாம். எல்லாம் சரி. வண்டியின் போர்டு மட்டும் செத்துக் கிடந்தது.

கதவை ஒட்டி, முறம் அகலத்துக்கு ஒரு தகட்டுப் பலகை. அதில் வரிசையாக ஸ்விட்சுகள், பீஸ் கட்டை, முள் ஆடுகிற மீட்டர் இரண்டு. ஒரு பக்கம் பேட்டரிக்கு, ஒரு பக்கம் வீட்டுக் கரண்டுக்கு. இருதயராஜ் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஜெர்மன்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே துடைத்தார். போல்ட்டு தகட்டில் படாமல் இருக்கப் போட்டிருந்த பழைய வாஷர்கள் தொட்டதும் ரஸ்க்கு மாதிரி உதிர்ந்தன. அதற்கென்ன, ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்? அடித்தோல் துண்டில் வாஷர் வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, திருகி இறுக்கினார். பம்புக்கும் அதுதான் போடுவார், டிரம் கதவுக்கும் அதுதான். ஊறின தோல் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

கரண்டு கொடுத்ததும் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. பேகம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "ராஜு கை வெச்சா அப்புறம் பாக்கவே வேணாம்" என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்ட சந்தோஷம் நேற்று சாயந்திரம் வரைக்கும்தான். நல்ல இடி மழை. விட்டதும், மறுநாள் ஏறிப் போகப்போகிற வண்டியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பேகம் வேலைக்காரி பட்டம்மாளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். படிக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். வெறுங்கால் சேற்றில், கை கதவுக் கம்பியில். அவ்வளவுதான், யாரோ பிடித்துத் தள்ளினாற்போல் பின்னால் சாய்ந்தார். பட்டம்மாள் தாங்கியிருக்காவிட்டால் இடுப்பு போயிருக்கும்.

இருதயராஜ் ஓடிப்போய் மெயினைப் பிடுங்கினார்.  ஜெர்மன்காரனின் எட்டாவது தலைமுறையையும் திட்டினார்.

"நான் வரல. எனக்கு நாகூரும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார் பேகம். நயீம் உடனே பஸ் ஸ்டாண்டு சத்தாருக்கு ஆள் அனுப்பினான்.

அந்தச் சத்தார்தான் இப்போது சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பார்க்கிறவன்.

"இன்னா நைனா, காலங்காத்தால மூஞ்சி வெந்துகினு இருக்குது?"

"உன் மூஞ்சியப் பாத்ததால. லாரிக்கு டைனமோ கட்றவனுக்கு இங்க இன்னா வேலை?"

"முதலாளி கூப்டாரு, வந்தேன். கூப்டாத எடத்துக்கு நான் கல்யாண சோத்துக்குக்கூடப் போறதில்ல."

"பிரியாணின்னா போவ."

"பிரியாணின்னா அது வேற."

பக்கத்தில் நின்ற நயீம் சிரித்தான். இருதயராஜ் சிரிக்கவில்லை. "போர்டுல கைய வெச்ச, கைய ஒடிப்பேன்" என்றார்.

"அண்ணா, அம்மா கீழ வுழுந்திருந்தா?" என்றான் நயீம்.

இருதயராஜ் பீடியை மண்ணில் நசுக்கினார். கோபம் இன்னும் ஏறியது.

சத்தார் கரண்டைக் கொடுக்கச் சொல்லி, சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைக் கதவுக் கம்பியில் வைத்தான். அதன் வயிற்றில் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியின் பின்பக்கத் தகட்டில் வைத்தான். அங்கும் எரிந்தது.

"பாரு நைனா. வண்டி பூரா கரண்டு."

"அது பேயைத் தொட்டாலும் எரியும்."

"பேய் எங்க கெடைக்குது? கெடைச்சா அதையும் பாத்துடலாம்."

மெயினைப் பிடுங்கிவிட்டுப் போர்டைக் கழற்றினான். இருதயராஜ் எட்டிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார், ஆனால் கழுத்து நீண்டது. மழைச் சாரல் கதவு இடுக்கில் இறங்கியிருந்தது. வாஷர்கள் உப்பி, போல்ட்டைச் சுற்றி மை கொட்டினாற்போல் கறுத்திருந்தன.

"இது இன்னாது?"

"தோலு. ஆம்பூர்ல பொறந்துட்டுத் தோலத் தெரியலியா?"

"செருப்புக்குத் தெரியும். கரண்டுக்கு எதுக்கு நைனா தோலு? தண்ணியக் குடிச்சிட்டு ஒக்காந்துகினு இருக்குது. கரண்டு அதுல ஏறித் தகட்டுக்குப் போவுது."

"டேய், கெணத்துல மாடு கட்டி, கவலைச் சால்ல தண்ணி எறைச்சோமே, அது இன்னா, பிளாஸ்டிக்கா? தோலு. தண்ணியிலயே கெடந்தது. ஒரு சொட்டு ஒழுகினதா?"

"தண்ணி ஒழுகல. கரண்டு ஒழுகுது."

"பெரிய வெங்காயம். உள்ள ஓடுதே டிரம் மோட்டாரு, அதோட பொட்டியில நான் போட்டது இன்னா? தோல் வாஷர். தண்ணியும் சுண்ணாம்பும் மேல தெறிச்சிகினேதான் இருக்குது. எவனுக்காவது ஷாக் அடிச்சுதா?"

"அந்த மோட்டாருக்கு எர்த்து இருக்குது. பூமியில பூட்டியிருக்குது. இது ரப்பர் டயர் மேல நிக்குது. வண்டியில வர்ற கரண்டுக்கு எறங்கறதுக்கு வழி இல்ல. பெரியம்மா கால வெச்சாங்க, அவங்க வழியா எறங்கிடுச்சு."

"செருப்போட ஏறியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அந்தத் தொரையும் தொரசானியும் பூட்ஸோட ஏறினாங்க, பூட்ஸோட எறங்கினாங்க. அவங்களுக்கு அடிச்சுதா?"

"வீட்டுக்குள்ள செருப்போட போறதுக்கு நாம இன்னா அவங்களா?" என்று ஒரு குரல் மேலிருந்து வந்தது. பேகம் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். "அதுக்குள்ளதான் நான் தொழணும், ராஜு."

இருதயராஜ் மறுபடி கட்டைமேல் போய் உட்கார்ந்தார்.

சத்தார் தன் பையிலிருந்து கறுப்பு ரப்பர் வாஷர்களை எடுத்து மாற்றினான். கதவு இடுக்கில் ரப்பர் பட்டை வைத்தான். பிறகு ஒரு கடப்பாரையை மண்ணில் அடித்து இறக்கி, அதிலிருந்து வண்டித் தகட்டுக்கு ஒரு கம்பி இழுத்துக் கட்டினான். "எங்க நிறுத்தினாலும் மொதல்ல இத அடிக்கணும். அப்புறந்தான் கரண்டு" என்று நயீமிடம் சொன்னான். கரண்டு வந்தது. டெஸ்டரை வைத்தான். எரியவில்லை.

"இன்னா நைனா, பேய் ஓடிப்போச்சா?"

இருதயராஜுக்கு உச்சி எரிந்தது. எழுந்து வந்து சத்தாரின் மூக்குக்கு நேராக விரலை நீட்டினார்.

"நீ இன்னா பண்ண? வாஷர மாத்தின. இடுக்க அடைச்ச. கடப்பாரைய அடிச்ச. எல்லாத்தையும் ஒண்ணா பண்ணிட்டு, தோலுதான் தப்புன்னா எப்படி? கடப்பாரைய மட்டும் அடிச்சிருந்தா என் வாஷரே நின்னிருக்கும்!"

 சத்தார் தலையைச் சொறிந்தான். "ஷாக் அடிச்சிருக்காதுதான். ஆனாலும் ஒழுக்கு ஒழுக்குதானே நைனா?"

"ஆனாலும் கீனாலும் வேணாம்."

"அப்போ அந்த வாஷரையே திரும்பப் போடட்டுமா? பெரியம்மாவ ஏத்திப் பாக்கலாமா?"

 அந்த ஒரு கேள்வியை மட்டும் அந்தப் பயல் கேட்டிருக்க வேண்டாம்.

இதற்குள் பேகம் கீழே வந்திருந்தார். பட்டம்மாளின் தோளைப் பிடித்தபடி, வண்டியிலிருந்து தள்ளியே நின்றார். நயீம், "சரியாய்டுச்சு அம்மா. சத்தார் பாத்துட்டான்" என்றான். பேகம் அவனைப் பார்க்கவில்லை. சத்தாரையும் பார்க்கவில்லை.

"ராஜு, நீ சொல்லு. நான் ஏறலாமா?"

முற்றத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஏறாதீங்க என்று சொன்னால் பேகம் ஏறமாட்டார், நாகூரும் போகமாட்டார், சத்தாரின் வேலை குப்பைக்குப் போகும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பேகத்தின் கால்களைப் பார்த்தார். வீங்கிப்போய், ஒன்றுக்குத் துணையாக ஒன்று சாய்ந்து நின்றன.

"பட்டம்மா, தண்ணி கொண்டா" என்றார்.

குடத்தை வாங்கிப் படிக்கு முன்னால் முழுக்கக் கவிழ்த்தார். செருப்பை உதறினார். சேற்றில் இரண்டு காலையும் அழுத்தி வைத்து நின்றுகொண்டு, சத்தாரை முறைத்தபடியே இரண்டு கையாலும் கதவுக் கம்பியைப் பிடித்தார். நயீம், "அண்ணா!" என்று கத்தினான். ஒன்றும் ஆகவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டு, விசிறியைப் போடு, விளக்கைப் போடு, எல்லா ஸ்விட்சையும் போடு என்று சத்தம் போட்டார். சத்தார் உள்ளே ஏறி ஒவ்வொன்றாகப் போட்டான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அதற்காகவும் அவருக்குக் கோபம் வந்தது.

"ஏறுங்க பெரியம்மா" என்றார்.

பேகம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கம்பியைத் தொடுமுன் ஒரு கணம் தயங்கி, இருதயராஜின் கை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்தார். மெதுவாக, முனகிக்கொண்டே ஏறினார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "யா அல்லா, காத்து நல்லா வருது" என்று குரல் கேட்டது. "ராஜு, நீயும் ஜீப்ல வாயேன் நாகூருக்கு."

"எனக்கு வேலை இருக்குது."

நயீமுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களாண்ணா? இனிமே தோல் வாஷர் வேணாம். மோட்டாருக்கும் சத்தார்கிட்ட சொல்லி மாத்திடலாம்."

"எதுக்கு மாத்தணும்? எவன் சொன்னான் தோலு தப்புன்னு?"

"நீங்கதானே பெரியம்மாவ ஏறச் சொன்னீங்க?" என்றான் சத்தார்.

"கடப்பாரைய நம்பி ஏறச் சொன்னேன். உன்ன நம்பி இல்ல, உன் கறுப்பு வாஷர நம்பியும் இல்ல. ஆரணி தாண்டறதுக்குள்ள அது வெயில்ல வெடிக்குதா இல்லியா பாரு. அப்போ வந்து நிப்ப எங்கிட்ட."

"வந்தா டீ வாங்கித் தருவியா நைனா?"

"செருப்பால தருவேன்."

செருப்பைக் காலில் மாட்டினார். சேறு பிடித்துக்கொண்டு ஒரு கால் உள்ளே போகவில்லை. கையில் எடுத்துக்கொண்டார். வண்டிக்குள்ளிருந்து பேகம் மறுபடி ஏதோ சொன்னார், யாரோ சிரித்தார்கள். இருதயராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்போடு டிரம் கொட்டகையைப் பார்த்து நடந்தார்.

"தோலத் தப்புன்னு சொல்றான் பாரு" என்றார், எதிரே ஈரத்தோல் சுமந்து வந்த ரத்தினசாமியிடம். "அதுவும் இந்த ஊர்ல நின்னுகினு."

ரத்தினசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.