துடைத்து வைத்த தோட்டம்

பல்லில் நறுக்கென்று கடிபட்டுவிட்டது, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன், அரிசியை எத்தனையோ தண்ணீர் களைந்தாயிற்று, பானைக்கு மூடி, மூடிக்கு மேல் துணி, ஜன்னல் இடுக்கெல்லாம் பழஞ்சேலை, அத்தனையும் தாண்டி வந்து சோற்றில் உட்கார்ந்துகொள்கிறது இந்தத் தேரி மணல், மேற்கே செக்கச்செவேலென்று மேடு மேடாய்க் கிடந்தது இப்போது என் அடுப்படியில் கிடக்கிறது, வீட்டுக்காரரிடம் கேட்டால், ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், மண்ணு பறக்காதாட்டி என்கிறார், அடப்பாவி மனுசா, போன ஆடியிலும் காற்று அடிக்கத்தானே செய்தது, அதற்கு முந்தின ஆடியிலும் அடித்தது, அப்போதெல்லாம் சோறு சோறாகத்தானே இருந்தது.

அப்போது எங்கள் முருங்கைத் தோட்டத்துக்கு மேற்கே வேலி இருந்தது, உடைமரமும் ஓலை கழிக்காத வடலிப் பனைகளும் பின்னிக்கொண்டு ஒரே முள் அடைசல், ஆடு நுழைந்தால் மாட்டிக்கொள்ளும், கௌதாரி முட்டையிடும், தேரி மணல் வந்து அதன் காலடியில் முட்டி முட்டி நின்றுபோகும், கண்ணை மூடினால் இப்போதும் நிற்கிறது, கையை நீட்டினால் முள் தைக்கிறது, திறந்தால் வெட்டவெளி, எல்லாம் மகள் செல்வகனியைப் பெண் பார்த்துப் போனவர்கள் தோட்டத்தையும் ஒருநாள் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டதால் வந்த வினை, எங்கள் பக்கம் சம்பந்தம் பேசுகிறவர்கள் பெண்ணின் முகத்தைவிடத் தோட்டத்தின் தரையைத்தான் உற்றுப் பார்ப்பார்கள், ஒரு புல் கிடந்தாலும் சோம்பேறி வீடு என்று பெயராகிவிடும், சித்திரை வெயிலில் இவர் ஜேசிபியைக் கூட்டிக்கொண்டு வருகிறார், நான் குறுக்கே போய் நிற்கிறேன், மேக்கு வேலியத் தொடாதீய, காத்து அந்தப் பக்கமிருந்துலா வருது என்கிறேன், காடு மாதிரி கிடந்தா வாறவிய நம்மளப் பத்தி என்ன நினைப்பாவ என்கிறார், நினைச்சா நினைச்சிட்டுப் போறாவ என்று நான் கத்தியது அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை, சாயங்காலத்துக்குள் வேலி வேரோடு கரி சுடுகிற மூட்டத்துக்குப் போய்விட்டது, போதாக்குறைக்கு முருங்கைக்கு ஊடே கிடந்த புல்லையும் கொளுஞ்சிச் செடியையும் உழுது புரட்டி வழித்தெடுத்தார், மாப்பிள்ளையின் அப்பா பால்துரை அண்ணாச்சி வந்து, வேட்டியை மடித்துக் கட்டி நடுத்தோட்டத்தில் நின்று, மச்சான், தொடச்சி வச்ச மாதிரில்லா இருக்கு என்றார், இவருக்குத் தலைகால் புரியவில்லை, ஆவணியில் கல்யாணம் என்று அங்கேயே முடிவாயிற்று.

ஆனியில் காற்று கிளம்பியது, இலைதழை மக்கிக் கறுத்திருந்த மேல்மண் முதலில் பறந்தது, அந்த இடத்தில் தேரி வந்து படுத்துக்கொண்டது, சில முருங்கை வேர் தெரிய நிற்கிறது, சிலது இடுப்பளவு புதைந்து நிற்கிறது, கிணறு தூர்ந்துகொண்டே வருகிறது, அள்ளி அள்ளிக் கரையில் கொட்டுகிறோம், கொட்டியதைக் காற்று திரும்ப உள்ளே தள்ளுகிறது, கனவிலும் அள்ளுகிறேன், கிணறு போனால் முருங்கை போச்சு, முருங்கை போனால் எங்கள் அடுப்பில் பூனைதான் உறங்கும், எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை, ஒருநாள் பார்த்தால் இவர் ஊரான் தோட்டத்தில் கெஞ்சி உடைமுள் வெட்டிச் சுமந்து வருகிறார், பனையோலையும் சேர்த்து மேற்கே குறுக்காக அடைக்கிறார், நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்க முடியுமா, சொன்னேன், இதையும் நல்லா தொடச்சி வைங்க என்றேன், மனிதர் தலை நிமிரவில்லை, செல்வகனி ஓலைக்குப் பின்னால் வரிசையாகப் பனங்கொட்டை ஊன்றினாள், எப்பா, இனிமே புல்லப் புடுங்காதீய, கிடந்துட்டுப் போகட்டும் என்றாள், மணல் மெல்ல மெல்ல ஓலையில் முட்டி நிற்க ஆரம்பித்தது, கிணற்றில் விழுந்த மணலும் அள்ள அள்ளக் குறைந்தது, அந்தப் பனைகள் வளர்ந்து நிற்பதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன், அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கல்யாணம் முடிந்து மகளை அவர்கள் வீட்டில் கொண்டுவிடப் போனோம், அதுவும் தேரியை ஒட்டின ஊர்தான், பந்தியில் உட்காரவைத்துவிட்டு, சாப்பிட்டதும் தோட்டத்தப் பாக்கணும் மச்சான் என்கிறார் அண்ணாச்சி, ஒங்க தோட்டம் என் கண்ணுக்குள்ளயே நிக்கி, கல்யாணத்துக்கு ஆளு வருமேன்னு நானும் போன வாரம் வேலியெல்லாம் வழிச்சித் தள்ளிட்டேன், கொஞ்சம் மண்ணு பறக்கு, காத்துன்னா அப்படித்தான தங்கச்சி என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், இவர் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, நான் முதல் கவளத்தை வாயில் வைக்கிறேன், நறுக்கென்று கடிபடுகிறது, இது எங்கள் வீடா, ஆடியா ஆவணியா, ஒரு நிமிடம் எனக்குப் பிடிபடவில்லை, ரசம் ஊற்ற வந்த செல்வகனி புதுச்சேலை சரசரக்கக் குனிந்து, எம்மா, மறுபடி வரும்போது பலகாரம் ஒண்ணும் வேண்டாம், பனங்கொட்டை ஒரு சாக்கு கொண்டாங்க என்கிறாள், நான் சோற்றை மண்ணோடு விழுங்கினேன்.