முன்பாயும் வெண்கல மணியும்

எதிர்காற்றில் முகம் கொடுத்து முன்னேறுவதற்கென்றே பிறந்தவர்கள் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் வருவார்கள். இந்த நூற்றாண்டின் பங்குக்கு வந்தவர் ஒரு பல் டாக்டர். போன மூன்று போட்டிகளிலும் அவருடைய பாய்ப்படகு கடைசி.

இதில் தன் தவறு எதுவும் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதனால்தான் படகுச் சங்கத்தில் எல்லோர் காதிலும் விழும்படி, "இந்தத் தடவையும் கடைசின்னா அடுத்த வருஷம் முழுக்கச் சுக்கான் என் பெண்டாட்டி கையில!" என்று சொல்லிவிட்டார். மனைவி சிரிக்கவில்லை. தேதியைக் குறித்துக்கொண்டாள்.

பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்பாயின் ஒரு பக்கக் கயிற்றை விட்டு, மறுபக்கக் கயிற்றை இழுக்க வேண்டும். டாக்டரின் படகில் அந்தப் பாய் பாதி வழியில் அடம்பிடித்து நிற்கும். படகும் மூக்கைக் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றுவிடும்.

நோயை டாக்டர் உடனே கண்டுபிடித்தார்: ஆட்களின் மந்தம். மருந்தாகப் பதினோரு கட்டளைகளை ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுப் படகில் ஒட்டினார். மிடுக்குக்காகப் பாய்மரத்தின் முன்புறம் ஒரு சின்ன வெண்கல மணியை ஏற்கெனவே மாட்டியிருந்தார். அது மாட்டி மூன்று போட்டி ஆகிறது. திருப்பத்துக்குத் திருப்பம் அது 'டங்' என்று அடிக்கும்.

"பாத்தியா, படகே எனக்கு சல்யூட் அடிக்குது!" என்பார்.

போட்டி நாளன்று ஐந்து படகுகள் கிளம்பின. முதல் திருப்பத்தில் டாக்டர் சுக்கானை வெடுக்கென்று ஒடித்தார்.

"கடவாப் பல்லா புடுங்குறீங்க? மெதுவா! வேகம் செத்துப்போகுது," என்றாள் மனைவி.

"மூணாவது கட்டளை என்ன சொல்லுது?"

"அதை நனைஞ்ச அட்டைகிட்டக் கேளுங்க."

டங். பாய் நின்றது. கயிறு இழுத்துக்கொண்டிருந்த அவள் தம்பி, குழாய் ரிப்பேர்க்காரன், மூச்சு வாங்கினான். "அத்தான், என் கையில குறை இல்ல. கயிறு எங்கேயோ மாட்டுது."

"ஆடத் தெரியாதவன் மேடையைத் திட்டுற கதையா இருக்கே, மச்சான்!"

இரண்டாம் திருப்பத்தில் டாக்டர் சுக்கானை மெதுவாகவே தள்ளினார். பாயின் ஓரம் உட்புறம் மடங்கத் தொடங்கியதும் மனைவி தன் பக்கக் கயிற்றைத் தளர்த்தினாள். எல்லாம் அச்சு அசலாக நடந்தது. டங். பாய் நின்றது.

இந்தமுறை அவள் அட்டையைப் பார்க்கவில்லை, பாய்மரத்தைப் பார்த்தாள். படபடத்துத் தாண்டிய கயிறு மணியின் கொக்கியில் வளையமாக விழுந்திருந்தது.

"சல்யூட் அடிக்கறது எதுன்னு தெரிஞ்சுபோச்சு. மணியைக் கழட்டணும்."

"அது கௌரவம்!"

"சரி. மணி உங்களுக்கு, சுக்கான் எனக்கு."

நான்காவதாகப் போன படகு தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்தது. டாக்டர் மணியைப் பார்த்தார், கையிலிருந்த சுக்கானைப் பார்த்தார். அப்புறம் வானத்தைப் பார்த்தபடி, "காத்து மாறியிருக்கு. இப்போதைக்கு மணி தேவையில்ல," என்றார். மச்சான் பையில் ஸ்பேனர் தயாராக இருந்தது. மணி டாக்டரின் கோட்டுப் பைக்குள் போனது.

அடுத்த திருப்பத்தில் பாய் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போயிற்று. காற்று நிரம்புவதற்குள் மச்சான் கயிற்றைக் கையாலேயே கிடுகிடுவென்று இழுத்துவிட்டான்; கடைசி ஒரு முழத்துக்குத்தான் கயிற்றை இறுக்கும் உருளையில் சுற்ற வேண்டியிருந்தது. ஆறு திருப்பங்கள், ஆறும் வெண்ணெய். படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய மிதவைக்குக் கொஞ்சம் முன்னால் நான்காவது படகைத் தாண்டினார்கள். முடிவுக்கோடு வரை அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

சுக்கான் பிழைத்தது.

மாலையில் சங்கத்தின் கூடத்தில் டாக்டர் கோட்டைக் கழற்றாமலே எழுந்து நின்று, பதினோரு கட்டளைகளையும் விளக்கினார். நான்காமிடம் என்பதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

"திடீர்னு எப்படி டாக்டர் இவ்வளவு முன்னேற்றம்?" என்று ஒருவர் கேட்டார்.

"பயிற்சி. என் ஆட்களோட மந்தத்தைப் போக்கினேன். வேற எந்த ரகசியமும் இல்ல."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் டாக்டர் உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்த மணி 'டங்' என்று அடித்தது.