பீச்சாங்கைப் பரீட்சை

என் சோத்தாங்கை பிறந்ததிலிருந்தே சொன்ன பேச்சு கேட்காது. நீட்டச் சொன்னால் மடங்கும், மடக்கச் சொன்னால் விறைக்கும். மூளைவாதம் என்றார்கள். பீச்சாங்கை அப்படியில்லை, பொல்லாதது. தரையில் சிந்திய எள்ளைக்கூடப் பொறுக்கிவிடும்.

ஐம்பத்தேழில் எனக்கு எட்டு வயது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். எழுதுவதற்கு ஒரு கையாவது உதவும் என்று டாக்டர் சீட்டுக் கொடுத்தால்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன் என்றுவிட்டார் ஹெட்மாஸ்டர். அம்மா சுப்பாத்தாள் என்னைப் பாலக்காட்டுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் துரைசுவாமி கல்பாத்திக்காரர். மேசைமேல் புளியங்கொட்டை, பொத்தான், தம்ளர் மூன்றையும் வைத்தார்.

"கொழந்தே, ஒவ்வொண்ணா எடுத்து என் கையில தா, பாக்கலாம்."

சோத்தாங்கையை நீட்டினேன். கொட்டை உருண்டது, பொத்தான் விழுந்தது, தம்ளர் கவிழ்ந்தது. பீச்சாங்கையைப் பாவாடை மடிப்பில் ஒளித்து வைத்திருந்தேன். பெரியவர்களுக்கு அந்தக் கையால் கொடுத்தால் அம்மாவிடம் என்ன கிடைக்கும் என்று எனக்கல்லவா தெரியும்!

டாக்டர் எழுத ஆரம்பித்தார். "நல்ல கைன்னு ஒண்ணு இருந்தா அதைத்தானே நீட்டியிருப்பாள்? ரெண்டும் உபயோகமில்லை. பள்ளிக்கூடம் போய் என்ன பண்ணப் போறாள்?"

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏனுங்க, பெரியவங்களுக்குப் பீச்சாங்கையில குடுக்கக் கூடாதுன்னு நாந்தானுங்க அடிச்சு வளத்தேன். இன்னொருக்கா பாருங்க."

"எழுதியாச்சு. வெளியில எத்தனை பேர் காத்திண்டிருக்கா, பாரு."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மரியாதை காட்டியதற்கு இதுவா கூலி? அம்மாவின் முகமும் சிவந்துவிட்டது.

"புள்ள, நீ குடுக்க வேண்டாம்," என்றாள். "புடுங்கு!"

அவர் விரலிடுக்கில் இருந்த பேனாவைப் பீச்சாங்கையால் எட்டிப் பிடித்தேன். அவர் இழுத்தார். நானும் இழுத்தேன். உடும்புப் பிடி. கடைசியில் விட்டது அவர்தான். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

"பேனாவைத் தா, கொழந்தே."

"எழுதுனத அடிக்கறேன்னு சொல்லுங்க. தர்றனுங்க."

அம்மா என்னை அதட்டவில்லை. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"அடிக்கறேன்," என்றார்.

பீச்சாங்கையாலேயே நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.